லாக்டேஸ் மாத்திரையா, லாக்டோஸ் நீக்கிய பாலா?

பால் குடித்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, உறுமி, கடைசியில் கழிவறையைத் தேட வைக்கிறதா? இந்தத் தொல்லைக்குச் சிங்கப்பூரில் இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. பாலைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மாத்திரை கிடைக்கிறது. பேரங்காடியில் லாக்டோஸ் நீக்கிய பால் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சோயா, ஓட்ஸ், பாதாம் என்று ஒரு நீண்ட வரிசை. வீட்டில் தயிர் இருக்கிறது. காப்பிக்கடையில் பால் விடாத ‘தே ஓ’ இருக்கிறது. இதில் எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை நல்ல பொருள்தான், ஆனால் தினசரி பயன்பாட்டுக்கு அது சரியான தேர்வு இல்லை. நாமே வாங்கி நாமே ஊற்றும் பாலாக இருந்தால் அந்தப் பாலையே மாற்றிவிடுவது சுலபம், நம்பிக்கையானதும்கூட. அடுத்தவர் சமைத்து அடுத்தவர் ஊற்றும் இடத்தில்தான் மாத்திரைக்கு வேலை. இந்த இரண்டும் தேவைப்படாதவர்களும் நிறைய பேர் உண்டு. முதலில் அவர்களைப் பார்ப்போம்.

உங்களுக்கு எவ்வளவு தாங்கும்?

பாலில் இருக்கும் சர்க்கரைதான் லாக்டோஸ். குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒட்டியிருக்கும் அந்தச் சர்க்கரையைப் பிரித்தால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். பிரிக்கும் வேலையைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. பச்சைக்குழந்தைக்கு அது தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. பிரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும். வாயு அதிலிருந்துதான் வருகிறது. லாக்டோஸ் கூடவே தண்ணீரையும் குடலுக்குள் இழுப்பதால் வயிற்றுப்போக்கு. அதாவது இது நோய் இல்லை. வளர்ந்த மனிதருக்கு இயல்பான நிலையே இதுதான். பெரியவர்களாகியும் பாலைச் செரிப்பவர்கள்தான் மரபணு மாற்றத்தால் வந்த விதிவிலக்கு.

அந்த மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம், தெற்கே வர வர குறைவு. பாலைக் குடத்தில் ஏந்திக் கோயிலுக்கு நடக்கும் நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தோன்றலாம். ஆனால் நம் சமையலைப் பாருங்கள்: பாலைத் தயிராக்கினோம், மோராக்கினோம், வெண்ணெய் எடுத்தோம், நெய்யாக உருக்கினோம். தம்ளர் தம்ளராகப் பச்சைப்பாலைக் குடிப்பது நம் வழக்கத்தில் குறைவுதான். ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்த எருமைச் சாலைப் பக்கம், அதாவது இன்றைய தேக்கா வட்டாரத்தில், பால் வியாபாரம் செய்த நம்மவர்களின் வீட்டிலும் மோர்தான் அதிகம் செலவாகியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி அளவுக்கு வருவோம். பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 4.7 கிராம் லாக்டோஸ். 250 மில்லிலிட்டர் கோப்பைக்குச் சுமார் 12 கிராம். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2010-இல் கூட்டிய நிபுணர் குழு, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே தடவையில் இந்த 12 கிராமைப் பெரிய தொந்தரவின்றித் தாங்குவார்கள் என்று சொன்னது. சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் நன்றாகத் தாங்கும், ஏனென்றால் வயிறு மெதுவாகக் காலியாகிறது. வெறும் வயிற்றில் குடிக்கும் பால்தான் மோசம். தைப்பூச விரதத்தில் இரவு பால், பழம் மட்டும் எடுப்பவர்களில் சிலருக்கு விடிய விடிய வயிறு கடமுடா என்று இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கைக் காப்பிக்கடைக்குக் கொண்டுபோனால் நல்ல சேதி காத்திருக்கிறது. கெட்டிப்பாலிலும் ஆவியாக்கிய பாலிலும் 100 கிராமுக்கு 10 கிராம் அளவில் லாக்டோஸ் இருக்கிறது. ஆனால் ஒரு ‘தே’க்குப் போடுவது இரண்டு மூன்று கரண்டிதான். கெட்டிப்பால் ஊற்றிய சாதாரண ‘தே’யோ ஆவியாக்கிய பால் ஊற்றிய ‘தே சி’யோ, கடைக்காரர் கையைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் லாக்டோஸோடு முடிந்துவிடும். பல கடைகளில் கெட்டிப்பாலுக்குப் பதில் பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமரை ஊற்றுகிறார்கள். அதிலும் பால்பொடி இருப்பதால் லாக்டோஸ் உண்டு. அப்படியும் ஒரு கோப்பைப் பாலின் பாதியைத் தொடாது. ஆனால் பெரிய கோப்பை லாட்டேயில் 300 மில்லிலிட்டர் பால் போனால் 14 கிராம். முழுப்பாலில் கொதிக்கவைத்த மசாலா டீயும் அப்படித்தான், பெரிய தம்ளர் என்றால் எகிறிவிடும். ‘தே’ குடித்தால் ஒன்றும் ஆகவில்லை, லாட்டே குடித்தால் வயிற்றைக் கலக்குகிறது என்பவர்கள் குழம்ப வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பால் இல்லை, ஒரே அளவும் இல்லை.

ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு ‘தே’, மதியம் தயிர்சாதம் என்று ஓடுகிறவர், அதுவரை வயிற்றில் ஒரு பிரச்சினையும் இல்லாதவர், நண்பர் வாங்கினார் என்று மாத்திரை வாங்க வேண்டாம்.

லாக்டோஸ்தான் காரணமா என்று உறுதிசெய்வதும் முக்கியம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சில நாள் பாலை நிறுத்திவிட்டு, ஒரு நாள் ஒரு தம்ளர் சாதாரணப் பால், வேறொரு நாள் ஒரு தம்ளர் லாக்டோஸ் நீக்கிய பால் குடித்துப் பாருங்கள். எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாரையாவது ஊற்றித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. லேசான இனிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இரண்டிலும் கொஞ்சம் சர்க்கரை கலக்கச் சொல்லுங்கள். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் வயிறு உப்பினால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பலாம். சாம்பாரில் போகும் பருப்பும் வெங்காயமும் பூண்டும்கூடச் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். முறையான சோதனை வேண்டுமானால் மூச்சில் ஹைட்ரஜன் அளவு பார்க்கும் சோதனை இருக்கிறது. இரவு பட்டினி கிடந்து, காலையில் லாக்டோஸ் கரைசலைக் குடித்து, குறித்த இடைவெளிகளில் ஊத வேண்டும். ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவுக்கு ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று கொள்வார்கள். பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்.

எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, நடு இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பதுக்கு மேல் திடீரென்று தொடங்கிய மாற்றம், இதில் ஏதாவது இருந்தால் பாலைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். பால் ஒவ்வாமையும் வேறு விஷயம். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வருகிறவர்களுக்குப் பாலின் புரதம்தான் எதிரி. லாக்டேஸ் மாத்திரையோ லாக்டோஸ் நீக்கிய பாலோ அவர்களைக் காப்பாற்றாது.

மாத்திரை: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

மாத்திரையில் இருப்பது அதே லாக்டேஸ்தான், ஆனால் பூஞ்சையிலிருந்து எடுத்தது. பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை. அந்த நொதி வயிற்று அமிலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது குடலில் போய் ஒட்டிக்கொள்வதில்லை, சேமித்துவைக்கப்படுவதும் இல்லை. வயிற்றில் இருக்கும் பாலோடு கலந்து, இருக்கும் நேரத்துக்கு வேலை செய்துவிட்டுச் செரிந்துபோகும். காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்கக் காப்பு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பால் போய் ஒரு மணி நேரம் கழித்து, வயிறு உறும ஆரம்பித்த பிறகு போடுவதிலும் பயனில்லை. முதல் வாயோடு அல்லது அதற்குச் சற்று முன் போட வேண்டும். சாப்பாடு நீண்டால், முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் பால் பொருள் வந்துகொண்டிருந்தால், இன்னொன்று.

பெட்டியில் பார்க்க வேண்டியது மில்லிகிராம் இல்லை, எஃப்சிசி அலகு. நொதியின் வலிமையைச் சொல்லும் அளவு அதுதான். ஒரு மாத்திரைக்கு 3,000, 4,500, 9,000 என்று பலவிதமாக வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் கொண்டுவந்த விதியின்படி, லாக்டோஸ் செரிக்க உதவும் என்று ஒரு மாத்திரைப் பெட்டியில் எழுத வேண்டுமானால் ஒரு வேளைக்குக் குறைந்தது 4,500 அலகு இருக்க வேண்டும், லாக்டோஸ் உள்ள ஒவ்வொரு சாப்பாட்டோடும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த விதி இங்கே செல்லாது. ஆனாலும் கடையில் நிற்கும்போது கையில் ஓர் அளவுகோல் வேண்டுமே, அதற்கு இது போதும். 3,000 அலகு மாத்திரை விலை குறைவாகத் தெரியும். ஒரு வேளைக்கு இரண்டு தேவைப்பட்டால் கணக்கு மாறிவிடும்.

இன்னும் சில விஷயங்களைப் பெட்டியில் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். ‘செரிமான நொதிகள்’ என்று பொதுவாக விற்கும் கலவைகளில் பத்து நொதிகளின் பெயர் இருக்கும், லாக்டேஸ் பேருக்குக் கொஞ்சம் இருக்கும். லாக்டோபேசில்லஸ் என்று எழுதியிருப்பது பாக்டீரியா, லாக்டேஸ் இல்லை. அவசரத்தில் அதை வாங்கி வந்துவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேப்சூல் உறையைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது பூஞ்சை நொதி என்றாலும் உறை ஜெலட்டினாக இருக்கலாம். கடித்துச் சாப்பிடும் மாத்திரையில் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, அது பாலோடு சீக்கிரம் கலக்கவும் செய்யும். பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சிங்கப்பூரில் இவை ஊட்டச்சத்துத் துணைப்பொருள் வகையில் வருகின்றன. சுகாதார அறிவியல் ஆணையம் இந்த வகைப் பொருள்களுக்கு விற்பனைக்கு முன் ஒப்புதலோ உரிமமோ கேட்பதில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. அதனால் எஃப்சிசி அலகே எழுதாத, யார் தயாரித்தார்கள் என்று தெரியாத இணையச் சரக்கை விலைக்காக வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. நொதிக்கு வெக்கையும் ஈரமும் ஆகாது. நம் ஊரில் இரண்டும் தாராளம். அடுப்புக்கு மேல் அலமாரியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். கொதிக்கும் டீயில் பொடித்துக் கலக்குவதும் வீண். சூட்டில் நொதி செத்துவிடும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்புறம் டீயைக் குடிக்கலாம்.

இவ்வளவு செய்தும் மாத்திரை முழுக்கக் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை. ஆய்வுகளில் பலருக்கு மூச்சில் ஹைட்ரஜனும் தொந்தரவும் குறைகின்றன, எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. குடிக்கும் லாக்டோஸ் கூடக் கூட மாத்திரையின் பிடி தளர்கிறது.

இதை ஒரு கல்யாணத்தில் வைத்துப் பார்ப்போம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கையில் ஒரு ரோஸ்மில்க். வெறும் வயிறு, முழுப்பால், அன்றைய விருந்திலேயே மோசமான சேர்க்கை இதுதான். முகூர்த்தம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பந்தி. பால் பாயசம், தயிர்ப்பச்சடி, மோர். கை கழுவிவிட்டு வந்தால் ஐஸ்கிரீம், கூடவே காப்பி. நுழையும்போது போட்ட மாத்திரை ஐஸ்கிரீமுக்குக் காத்திருக்காது. நான் ரோஸ்மில்க்கை விட்டுவிடச் சொல்வேன். அத்தை முகம் சுளித்தால் “பந்தியில் பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கிறேன் அத்தை” என்று சமாளியுங்கள். பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு மாத்திரை. சோற்றோடு போகும் பாயசம் வயிற்றில் நின்று நிதானமாகத்தான் இறங்கும், மாத்திரைக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஐஸ்கிரீமும் வேண்டும் என்றால் அதற்கு இன்னொன்று.

தீபாவளிப் பலகாரத் தட்டில் மாத்திரையை எடுக்கும் முன் தட்டை ஒரு முறை பாருங்கள். முறுக்கு, அதிரசம், பூந்தி லட்டு, ஜாங்கிரி இவற்றில் வழக்கமாகப் பால் இல்லை. மைசூர்பாகில் நெய் மட்டும்தான், நல்ல நெய்யில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான். பால்கோவாதான் ஆளை அடிக்கும். ஒரு லிட்டர் பாலைக் கால் கிலோவாகச் சுண்டவைத்தால் அதிலிருந்த 47 கிராம் லாக்டோஸும் அந்தக் கால் கிலோவுக்குள்ளேதான் இருக்கும். சர்க்கரையின் எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 50 கிராம் துண்டு முக்கால் கோப்பைப் பாலுக்குச் சமம். பால்பொடியில் செய்த குலாப் ஜாமூனும் பேடாவும் அந்த இனம். முழுப்பால் பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ், கொழுப்பு நீக்கிய பொடியில் பாதி. ரசகுல்லா தப்பிக்கும், பாலைத் திரித்துத் தண்ணீரை வடிக்கும்போது லாக்டோஸின் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. ரசமலாயில் அதே உருண்டையைத் திரும்பவும் சுண்டிய பாலில் போட்டுவிடுகிறோம். தேங்காய்ப்பால் பாயசத்துக்கு எந்தக் கணக்கும் வேண்டாம்.

இப்படிப்பட்ட இடங்களுக்காக ஒரு சின்னப் பெட்டி மாத்திரை கைப்பையில் இருப்பது நியாயம். வெளியூர்ப் பயணம், வடஇந்திய உணவகம், அலுவலக விருந்து, பீட்சா, இவற்றுக்கும் அதுதான் தோது. ஆனால் காலையில் ஒரு காப்பி, மாலையில் ஒரு டீ, இரவில் ஒரு தம்ளர் பால் என்று மூன்று வேளையும் மாத்திரை போட்டால்? ஒரு மாத்திரை அரை வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 45 வெள்ளி. அதற்கு மேல் பாலின் விலை. போட மறந்த நாளின் அவஸ்தை தனி.

வீட்டுப் பாலை மாற்றினால்

லாக்டோஸ் நீக்கிய பால் வேறு ஒன்றும் இல்லை, மாத்திரை செய்யும் வேலையைப் பால் பண்ணையிலேயே முடித்து அடைத்த பால். நொதியைக் கலந்து நேரம் கொடுத்துவிடுவதால் வயிற்றில் நடக்க வேண்டிய ஓட்டப்பந்தயம் இல்லை. கால்சியம், புரதம் எல்லாம் சாதாரணப் பாலைப் போலவே. வழக்கமான பாலைவிட விலை கூடுதல்தான். ஆனால் ஒரு லிட்டரில் நான்கு கோப்பை, அதற்கு நான்கு மாத்திரை என்று வைத்து உங்கள் கடை விலையைக் கூட்டிப் பாருங்கள். தினமும் பால் குடிக்கும் வீட்டில் பெட்டிப் பாலே ஜெயிக்கும்.

சமையலில் சில வேறுபாடுகள் தெரியும். குளுக்கோஸும் கேலக்டோஸும் பிரிந்திருப்பதால் நாக்குக்கு இனிப்பாக இருக்கும், சர்க்கரை சேர்க்காமலே. காப்பியில் வழக்கமாகப் போடும் சர்க்கரையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பால் பாயசத்துக்குச் சுண்டவைத்தால் சாதாரணப் பாலைவிடச் சீக்கிரம் நிறம் ஏறும், பிரிந்த சர்க்கரைகள் சூட்டில் எளிதாகப் பழுப்பாகும். அடுப்பைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருந்தால் அழகான இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்கு அடிப்பிடித்ததோ என்ற சந்தேகம் வரும். உறை ஊற்றினால் தயிராகத் தோயவும் செய்யும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘லாக்டோஸ் இல்லை’ என்பதற்குச் ‘சர்க்கரை இல்லை’ என்று அர்த்தம் இல்லை. கோப்பைக்கு அதே 12 கிராம் சர்க்கரை பிரிந்த நிலையில் இருக்கிறது. இதுவரை செரிக்காமல் போய்க்கொண்டிருந்த பங்கும் இப்போது ரத்தத்தில் சேரும். மாத்திரை போட்டாலும் இதே கதைதான். பெட்டியில் இருக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்தும் இந்த விஷயத்தில் உதவாது. அது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரும் மதிப்பெண், லாக்டோஸைப் பற்றிப் பேசுவதே இல்லை. லாக்டோஸ் இருக்கிறதா என்று தெரிய சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். சிங்கப்பூர் உணவு விதிகள்படி பொட்டலமிட்ட உணவில் பாலும் லாக்டோஸும் இருந்தால் சொல்லியாக வேண்டும். ‘ஏ2’ பாலை இதற்கு மாற்றாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் புரத வகைதான் வேறு, லாக்டோஸ் அப்படியே இருக்கிறது.

நொதியைச் சொட்டு மருந்தாக வாங்கி வீட்டுப் பாலில் கலந்து, குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துக் குடிக்கும் முறையும் உண்டு. குறிப்பிட்ட பாலின் ருசியை விட முடியாதவர்களுக்கு அது சரி. காய்ச்சியிருந்தால் பால் ஆறிய பிறகே சொட்ட வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவில் பெட்டிப் பாலை வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

தயிரைத் தனியாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதில் காசே செலவில்லை. உறை பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பிரிக்கத் தன் நொதியைச் சுமந்துகொண்டே நம் குடலுக்குள் வருகிறது. உயிருள்ள பாக்டீரியா கொண்ட தயிர் லாக்டோஸ் செரிக்க உதவும் என்பதை மாத்திரைக்கு ஒப்புதல் தந்த அதே ஐரோப்பிய விதியும் ஏற்றுக்கொண்டிருக்கிறது, கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா இருந்தால். ‘உயிருள்ள’ என்பதை மறந்துவிடக் கூடாது. கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் அந்த உதவி போய்விடும், ஆனால் அதில் மோரே கொஞ்சம் என்பதால் கவலையில்லை. தயிர்சாதத்தில்தான் வீட்டுக்கு வீடு ஒரு தந்திரம் உண்டு. மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாதென்று சோற்றைப் பாலில் பிசைந்து, பேருக்கு ஒரு கரண்டித் தயிர் விடுவார்கள். அலுவலகத்தில் டப்பாவைத் திறக்கும்போது அது பாதி பால்சாதம். தயிர் ஒத்துக்கொள்ளும், தயிர்சாதம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் வீட்டுச் சமையலறையில் விசாரிக்கலாம். உணவகத்து மாம்பழ லஸ்ஸியிலும் தயிரோடு பாலோ ஐஸ்கிரீமோ சேர்ந்திருக்கலாம்.

தாவரப் பால்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லாக்டோஸ் அறவே இல்லை, அது உண்மை. நம் ஊரில் லாட்டே விற்கும் கடைகளில் சோயாவும் ஓட்ஸும் எளிதாகக் கிடைக்கின்றன, பல இடங்களில் கூடுதல் காசுக்கு. புரதத்தில் சோயா மட்டும்தான் பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாதாம் பால் என்று பெட்டியில் வருவதில் பாதாம் கொஞ்சம், தண்ணீர் நிறைய. சோயா சூடான கறுத்த காப்பியில் திரிந்துபோகலாம். ஓட்ஸ் அவ்வளவு எளிதில் திரியாது. ஃபில்டர் காப்பிக்கு ஓட்ஸ் பால் பிரமாதம் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் எனக்கு அது கஞ்சியில் டிகாஷன் ஊற்றியதுபோல்தான் இருக்கிறது.

மாற்று எதுவானாலும் கால்சியம் கணக்கை விடக்கூடாது, முக்கியமாக அம்மா, மாமியார் வயதுப் பெண்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரை 19 முதல் 50 வயது வரை நாளுக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் 1,000. ஒரு கோப்பைப் பால், லாக்டோஸ் நீக்கியதானாலும், 250-லிருந்து 300 மில்லிகிராம் தரும். பாலை மொத்தமாக நிறுத்துகிறவர்கள் கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி, கால்சியம் சேர்த்து உறைய வைத்த தௌ குவா எனும் சோயாக் கட்டி, கீரைகள் என்று அதை ஈடுகட்ட வேண்டும். உணவங்காடியில் விற்கும் சோயா பானத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் தனியாகக் கால்சியம் சேர்ப்பது வழக்கமில்லை. பெட்டியில் வரும் சோயா, ஓட்ஸ் பாலில் ‘கால்சியம் சேர்க்கப்பட்டது’ என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் போய்த் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும்.